ஏரிக்கரை முகாமுக்குப் போகும் குட்டிச் சாரணர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முகாமின் முதல் இரவு. எட்டு வயதுப் பையன் ஒருவன் கூடாரத்துக்குள் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டு டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தான். அம்மா வைத்தது நிச்சயம், எங்கே வைத்தார் என்பது மட்டும் தெரியவில்லை. கால் மணி நேரம் நானும் சேர்ந்து தேடினேன். கடைசியில் ஒரு ஜோடி சாக்ஸுக்குள் உருட்டி வைத்திருந்த டார்ச் கிடைத்தது. அதற்குள் அவன் கண் கலங்கிவிட்டது.

குருளையர் என்று நாங்கள் சொல்லும் சின்னப் பிள்ளைகளோடு பல கோடை முகாம்களில் இருந்திருக்கிறேன். முகாமில் நடக்கும் தடுமாற்றங்களில் பாதி, வீட்டில் பை கட்டும் நேரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. அதனால் நான் முதலில் சொல்லும் தவறு இதுதான்: பிள்ளையின் பையைப் பெற்றோர் கட்டுவது. பட்டியலை அவன் கையில் கொடுங்கள். அவனே எடுத்து வைக்கட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சரிபாருங்கள். சட்டை கசங்கும், அடுக்கு கோணலாக இருக்கும், பரவாயில்லை. இருட்டில் கைவிட்டால் எது எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சாரணர் இயக்கத்தின் அடிப்படையே இதுதானே. 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில், பையன்களை நான்கு சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளப் பிள்ளைகளால் முடியும் என்ற நம்பிக்கையில் தொடங்கியது அது. இன்னும் சிறிய பிள்ளைகளுக்கான பிரிவு 1916-இல் வந்தபோதும் அந்த நம்பிக்கை மாறவில்லை.

தண்ணீரில் தவறுக்கு இடமில்லை

மற்ற தவறுகளால் ஒரு ராத்திரித் தூக்கம் கெடும், ஒரு ஜோடி சாக்ஸ் தொலையும். ஏரி விஷயம் அப்படியில்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விண்ணப்பத்தில் 'நன்றாக நீந்துவான்' என்று எழுதிவிடுவது பல பெற்றோர் செய்யும் தவறு. நீச்சல் குளத்தில் நீந்துவது வேறு, ஏரியில் நீந்துவது வேறு. குளத்தில் தரை தெரியும், சுவர் எட்டும் தூரத்தில் இருக்கும். ஏரியில் காலுக்கடியில் சேறு, கொடி, திடீரென்று இறங்கும் பள்ளம். கோடை வெயிலில் மேல் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தாலும், ஆழமான ஏரியில் கீழே போகப் போகச் சட்டென்று குளிர்ந்துவிடும். அந்தக் குளிர் உடம்பில் பட்டதும் தன்னையறியாமல் 'ஹா' என்று மூச்சை இழுப்போம். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது அது நடந்தால் ஆபத்து.

இதற்காகத்தான் பல முகாம்களில் முதல் நாளே நீச்சல் சோதனை வைக்கிறார்கள். அமெரிக்கச் சாரணர் முகாம்களில், தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் குதித்து 100 கெஜம் நீந்த வேண்டும். அதில் கடைசி 25 கெஜம் மல்லாந்தபடி, ஓய்வாக. பிறகு அசையாமல் மிதந்து காட்ட வேண்டும். களைத்துப்போனால் மிதக்கத் தெரியுமா என்பதைத்தான் அந்தக் கடைசிப் பகுதி பார்க்கிறது. இதில் தேறாத பிள்ளை ஆழமில்லாத பகுதியில் விளையாடுவான், அவ்வளவுதான். அதை ஒரு தோல்வி போல வீட்டில் பேசிவிடாதீர்கள். பேசினால், அடுத்த முறை பயத்தை மறைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போவான்.

அடுத்தது ஜோடி முறை. தண்ணீரில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி உண்டு. விசில் அடித்ததும் இருவரும் கைகோத்து மேலே தூக்க வேண்டும், காப்பாளர்கள் எண்ணுவார்கள். கரையில் ஒரு பலகை இருக்கும். இறங்கும்போது தன் பெயர் வில்லையை அதில் மாட்ட வேண்டும், ஏறும்போது மறக்காமல் கழற்ற வேண்டும். ஒரு முகாமில் எல்லோரும் கரையேறிய பிறகும் பலகையில் ஒரு வில்லை தொங்கிக்கொண்டிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டோம், பதில் இல்லை. காப்பாளர்கள் கைகோத்து வரிசையாகத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். ஒவ்வொரு அடியாகக் காலால் தரையைத் துழாவிக்கொண்டே போனார்கள். கரையில் இருந்த பிள்ளைகளிடமிருந்து ஒரு சத்தம் இல்லை. அந்தப் பையன் கூடாரத்தில் துணி மாற்றிக்கொண்டிருந்தான், குளிர்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் போயிருக்கிறான். அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். 'உன் ஜோடியிடம் சொல்லாமல் எங்கேயும் போகக் கூடாது, கழிப்பறைக்குக்கூட' என்பதை வீட்டிலேயே பத்து தடவை சொல்லி அனுப்புங்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் ஒரு பாசமான தவறு நடக்கும். அடுத்த வருஷமும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடுவார்கள். சட்டை என்றால் சரி, லைஃப் ஜாக்கெட்டுக்கு அது ஆகாது. போட்டு, எல்லா வாரையும் இழுத்துக் கட்டிவிட்டு, தோள் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். முகவாயைத் தாண்டிக் காது வரை ஏறினால் அது பெரிது, தண்ணீரில் பிள்ளை அதிலிருந்து நழுவிவிடுவான். காற்றடைத்துக் கையில் மாட்டும் மிதவைகள் இதற்கு மாற்றே அல்ல.

பெரியவர்களும் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. மூழ்குகிறவர் கத்துவார், கையை வீசுவார் என்று நினைக்கிறோம். பெரும்பாலும் சத்தமே இருக்காது. தலை பின்னால் சாய்ந்திருக்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், கைகள் இரு பக்கமும் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும். மூச்சு விடவே நேரம் போதாதபோது கத்துவது எப்படி? அதனால் கரையில் நிற்கும் பொறுப்பாளர் அரட்டையிலோ செல்போனிலோ ஒரு கண் வைத்தால்கூட அது பெரிய தவறு. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியது இன்னொன்று: நண்பன் தத்தளித்தால் குதிக்காதே. பெரியவர்களைக் கூப்பிடு, கழியை நீட்டு, கயிற்றையோ மிதக்கும் எதையோ வீசு. பாசத்தில் குதிக்கும் பிள்ளை இரண்டாவது ஆபத்தாகிவிடுவான்.

இடி கேட்டால் உடனே கரை. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகாமல் திரும்ப இறங்கக் கூடாது. வானம் வெளுத்துவிட்டதே என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள், இளகக் கூடாது. தண்ணீரின் மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியது போலப் படலம் மிதந்தால் அன்றைக்கு நீச்சல் வேண்டாம். சில வகைப் பாசிகள் நஞ்சுள்ளவை.

பைக்குள் நடக்கும் தவறுகள்

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் ஒரு நாள் ஆனாலும் காயாது. புது ஷூவும் வேண்டாம். முகாமுக்கென்று வாங்கினால் இரண்டு வாரம் முன்பே போட்டு நடக்கவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நடையிலேயே குதிகாலில் கொப்புளம். ஏரிக்குள் இறங்க, பின்வார் உள்ள பழைய செருப்போ நீர் ஷூவோ வேண்டும். வெறுங்காலோடு போனால் கிளிஞ்சலும் கண்ணாடித் துண்டும் காலைக் கிழிக்கும்.

ராத்திரித் துணியை மட்டும் தனியாக ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்கச் சொல்லுங்கள். பகலில் என்ன நனைந்தாலும் அதைத் தொடக் கூடாது. பகலெல்லாம் வியர்த்த சட்டையோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் நுழைகிற பிள்ளைதான் விடியற்காலையில் நடுங்குவான். ஏரிக்கரையில் ராத்திரி ஈரக்காற்று நாம் எதிர்பார்ப்பதைவிடக் குளிரும்.

பாட்டி கொடுத்த தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் ஒளித்து வைப்பது இன்னொன்று. முதலில் எறும்பு வரும், அப்புறம் எலி, சில காடுகளில் அதைவிடப் பெரிய விலங்கும் வரும். தின்பண்டம் எல்லாம் பொதுச் சமையல் கூடத்தில்தான் இருக்க வேண்டும்.

சன்ஸ்கிரீனை முதலில் தடவி, அது ஊறிய பிறகு கொசு மருந்தைப் பூச வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி சன்ஸ்கிரீன் தடவ வேண்டும்.

மருந்து விஷயத்தில் கறாராக இருங்கள். பிள்ளை தினமும் சாப்பிடும் மாத்திரையை 'லீவுதானே' என்று நிறுத்தாதீர்கள். மருந்தை அதன் சொந்தப் பெட்டியோடு, வேளையும் அளவும் எழுதி, பொறுப்பாளர் கையில் கொடுங்கள். ஒவ்வாமை இருந்தால் படிவத்தில் எழுதியது போதாது, வாய்விட்டும் சொல்லுங்கள். படுக்கையை நனைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் தனியாகச் சொல்லிவிடுங்கள். நாங்கள் யாருக்கும் தெரியாமல் ராத்திரி ஒரு முறை எழுப்பிக் கூட்டிப்போவோம். சொல்லாமல் விட்டால் காலையில் அந்தப் பிள்ளை படும் வேதனை பார்க்கச் சகிக்காது.

வீட்டு ஞாபகம்

'பிடிக்கலைன்னா சொல்லு கண்ணா, உடனே வந்து கூட்டிட்டு வந்துடறேன்.' இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்பேன். நீங்கள் தைரியம் சொல்கிறீர்கள், பிள்ளைக்குக் கேட்பதோ 'உன்னால் இது முடியாது' என்பது. முதல் நாளிலிருந்தே அவன் மனம் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குப் பதிலாக, 'வீட்டு ஞாபகம் வரும், எல்லாருக்கும் வரும், ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் அதிகமா வரும், காலைல குறைஞ்சுடும்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். போகும் முன் ஓரிரு ராத்திரி உறவினர் வீட்டில் தனியாகத் தங்கவையுங்கள்.

கடிதம் எழுதினால் 'நீ இல்லாம வீடே வெறிச்சுனு இருக்கு' என்று எழுதாதீர்கள். நாய்க்குட்டி செருப்பைக் கடித்த கதையை எழுதுங்கள். ராத்திரி போனில் அம்மா குரலைக் கேட்டதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்த பிள்ளை உடைந்து அழுததைப் பல முறை பார்த்திருக்கிறேன். அழைப்பே வேண்டாம் என்று முகாம் சொன்னால் அதில் காரணம் இருக்கிறது.

திரும்பி வந்த அன்று, குளிக்கும்போது காதுக்குப் பின்னால், தலைமுடி ஓரம், முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். 'அழுதியா?' என்று முதல் கேள்வி கேட்காதீர்கள். பையையும் அவனே பிரிக்கட்டும். எந்தத் துணி ஈரம், எது துவைக்க வேண்டியது, டார்ச் எந்தப் பக்கத்துப் பையில் இருக்கிறது என்பதெல்லாம் இப்போது அவனுக்குத்தான் தெரியும்.