வீட்டிலிருந்து டே டிரேடிங்: நெட், கரண்ட், கம்ப்யூட்டர் – காசை எதில் போடுவது?

டீமேட் கணக்கு திறப்பது, ஆர்டர் போடுவது எல்லாம் தெரிந்தவர்களுக்கான பதிவு இது. காலை 9.15 மணியிலிருந்து மாலை 3.30 வரை கை நிறைய பொசிஷன் (இன்னும் முடிக்காத டிரேடு) வைத்திருக்கும்போது நெட் அறுந்து போகாமல் இருக்க என்ன வாங்கலாம், எதை வாங்க வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயம். பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022-23 நிதியாண்டில் பங்குகளில் இன்ட்ராடே (அன்றே வாங்கி அன்றே விற்பது) செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். ஆறு மானிட்டர் வைத்த மேசைக்குப் போடும் காசை லாபத்திலிருந்து போடுங்கள், மூலதனத்திலிருந்து வேண்டாம்.

படி 1: கம்ப்யூட்டர்

ஐ5 அல்லது ரைசன் 5, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. அவ்வளவுதான். சார்ட் ஓடுவது பிரவுசரில், அதற்குத் தனி கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு? டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று கேட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு லேப்டாப் என்பேன். கரண்ட் போனால் அதன் பேட்டரியே தாங்கும். கூட ஒரு 24 இன்ச் மானிட்டர் போதும். விண்டோஸ் அப்டேட்டில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ நேரத்தைக் காலை 8 முதல் மாலை 5 வரை வைத்துவிடுங்கள். சந்தை ஓடும்போது தானாக ரீஸ்டார்ட் ஆகிற வேலை அதோடு ஒழியும்.

படி 2: லைனைச் சோதிப்பது

விளம்பரத்தில் வரும் 300 எம்பிபிஎஸ் வேகம் டிரேடிங்குக்குத் தேவையே இல்லை. விலை மாறுவதைக் காட்ட ஆகும் டேட்டா மிகக் குறைவு. 50 எம்பிபிஎஸ் பிளான் தாராளம். பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, விட்டு விட்டு வருகிறதா என்பதை.

கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 8.8.8.8 (கூகுளின் சர்வர் முகவரி), மறுபடி இடைவெளி, பிறகு கழித்தல் குறியோடு ஒட்டி ‘டி’ (t) எழுத்து. என்டர் தட்டினால் நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு ஜன்னலில் இதையே ரூட்டர் முகவரிக்கு ஓடவிடுங்கள் (ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1). ரூட்டருக்கே பதில் வராமல் நடுநடுவே ‘டைம்ட் அவுட்’ வந்தால் கோளாறு உங்கள் வைஃபையில். ரூட்டர் சரியாக இருந்து 8.8.8.8 மட்டும் விழுந்தால் கோளாறு வெளியே, அப்போதுதான் நெட்காரரைக் கூப்பிட வேண்டும். வைஃபை கோளாறுக்கு மருந்து கேட் 6 லேன் கேபிள். மெஷ், எக்ஸ்டெண்டர் என்று காசைக் கரைக்க வேண்டாம்.

படி 3: கரண்ட்

எனக்கு மண்டையைக் குடைந்த இடம் இதுதான். மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் ஷட் டவுன் எடுப்பது பெரும்பாலும் காலை 9 மணிக்கு, அதாவது சந்தை திறக்கிற நேரத்துக்கு. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, ஃபேன் ஓடுகிறது, லேப்டாப் ஓடுகிறது, நெட் மட்டும் இல்லை. ஏன்?

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, ஃபைபர் பெட்டி சொருகியிருக்கும் ப்ளக் பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இல்லாமல் இருக்கும். வயரிங் செய்தவர் ஃபேன், லைட்டுக்கு மட்டும் இழுத்திருப்பார். இரண்டு, லைனில் இருந்தாலும் இன்வெர்ட்டர் மாறுகிற அந்தக் கண நேரத்தில் பெட்டி அணைந்து மறுபடி எழுந்திருக்கும். எல்லா விளக்கும் பச்சையாக இரண்டு மூன்று நிமிடம் ஆகும். இன்வெர்ட்டரில் யுபிஎஸ் மோட் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள். அதைவிட நல்லது, ரூட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ். வாங்கும்முன் பெட்டியின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட் என்றால் யுபிஎஸ்ஸும் 12 வோல்ட்டேதான் கொடுக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவோ கூடவோ இருக்கலாம், குறையக் கூடாது. ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனி என்றால் இரண்டு அவுட்புட் உள்ளதை வாங்குங்கள்.

மூன்றாவது காரணம் உங்கள் கையில் இல்லை. சில கேபிள்காரர்கள் தெருக் கம்பத்தில் நெட்வொர்க் ஸ்விட்ச் (நெட்டைப் பல வீட்டுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வைத்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் ஒயர் இழுப்பார்கள். தெருவில் கரண்ட் போய், அந்த ஸ்விட்ச்சின் பேட்டரியும் தீர்ந்தால் நெட் காலி. வீடு வரைக்கும் ஃபைபர் இழுக்கும் ஜிபான் முறையில் நடுவில் ஃபைபரைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட்டே வேண்டாம். இணைப்பு எடுக்கும்போதே ‘வீட்டுக்குள் வருவது ஃபைபரா, லேன் ஒயரா?’ என்று கேட்டுவிடுங்கள்.

படி 4: இரண்டாவது வழி

இரண்டு கம்பெனி ஃபைபர் வாங்கினாலும் இரண்டும் ஒரே கம்பத்தில்தான் தொங்கும். ஒரு லாரி போதும். அதனால் என் தேர்வு: ஒரு ஃபைபர், வேறு கம்பெனி சிம்மில் மொபைல் ஹாட்ஸ்பாட். புரோக்கர் செயலியில் காலையிலேயே போனிலும் லாகின் செய்துவிடுங்கள். எஸ்எம்எஸ் ஓடிபியை நம்ப வேண்டாம், டவர் விழுந்தால் அது வராது. ஆத்தென்டிகேட்டர் செயலி நெட் இல்லாமலே லாகினுக்கான எண்ணைக் காட்டும்.

படி 5: வீட்டுக்கு வெளியே கோளாறு

2021 பிப்ரவரி 24 அன்று தேசிய பங்குச் சந்தையே தொலைத்தொடர்பு இணைப்புக் கோளாறால் 11.40 மணிக்கு நின்று, 3.45க்குத்தான் மறுபடி தொடங்கியது. அன்றைக்கு யார் வீட்டு யுபிஎஸ்ஸும் உதவவில்லை. புரோக்கரின் கோளாறுக்கு 2023இல் ஐஆர்ஆர்ஏ என்ற தளம் வந்தது. புரோக்கரின் சிஸ்டம் படுத்துவிட்டால் திறந்திருக்கும் பொசிஷனை அதில் மூடலாம். சாதாரண நாளில் புரோக்கரின் ‘கால் அண்ட் டிரேட்’ எண்ணை (போனில் சொல்லி ஆர்டர் போடுவதற்கு) ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டி வையுங்கள்.

ஆர்டர் போட்ட கையோடு ஸ்டாப் லாஸும் (விலை நீங்கள் சொன்ன அளவுக்கு எதிராகப் போனால் டிரேடை மூடும் ஆர்டர்) போடுங்கள். சந்தைக்குப் போய்ச் சேர்ந்த ஸ்டாப் லாஸ் அங்கேயே நிற்கும், உங்கள் நெட் போனாலும் வேலை செய்யும். மனதுக்குள் வைத்திருக்கும் ஸ்டாப் லாஸ் லைனோடு சேர்ந்து போய்விடும். ஆப்ஷனில் எஸ்எல்-எம் (சந்தை விலைக்கே முடியும் ஸ்டாப் லாஸ்) கிடையாது, அதனால் டிரிக்கருக்கும் (ஆர்டர் உயிர்பெறும் விலை) லிமிட்டுக்கும் (நீங்கள் ஏற்கும் கடைசி விலை) நடுவே கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

பின்சேர்க்கை: ஹாட்ஸ்பாட் நடுவில் நின்றுவிடுகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இரண்டு சிம் போட்ட பல போன்களில் ஒரு சிம்மில் கால் பேசும்போது இன்னொன்றின் டேட்டா நின்றுவிடும். கால் அண்ட் டிரேடுக்கு அடிக்கிற அதே நேரத்தில் நெட் போவது இதனால்தான். பழைய போன் ஒன்று அலமாரியில் கிடந்தால் டேட்டா சிம்மை அதில் போட்டு, சார்ஜரோடு சேர்த்து ரூட்டர் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.