டிஎன்எஸ் சர்வர்: நிறுவுவது எளிது, பூட்டுவதில்தான் வேலை

இணையப் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் நேரும் பிழைகள் பெரும்பாலும் செய்த அன்றைக்கே தெரிவதில்லை. பழைய பதில் கேஷில் (தற்காலிக நினைவில்) இருக்கும்வரை எல்லாம் ஓடுவதுபோலத்தான் தோன்றும். அது தீர்ந்த பிறகே தளம் திறக்கவில்லை என்று அழைப்பு வரும். அதனால் ஒவ்வொரு படியையும் முடித்த கையோடு, வெளியிலிருந்து ஒரு முறை சோதித்துவிட்டு நகருங்கள்.

முதலில் இரண்டு வேலைகளைப் பிரியுங்கள். உங்கள் டொமைனைப் பற்றி உலகுக்குப் பதில் சொல்லும் அதிகாரபூர்வ சர்வர் ஒன்று. உங்கள் கணினிகளுக்காக வெளியே போய்த் தேடி வரும் ரிசால்வர் மற்றொன்று. மென்பொருளில் முன்னதற்கு பைண்ட் அல்லது என்எஸ்டி, பின்னதற்கு அன்பவுண்ட். இரண்டையும் ஒரே பைண்டில் போட்டு, ரிகர்ஷனை (கேட்பவருக்காக வெளியே தேடித் தருவதை) எல்லோருக்கும் திறந்து வைத்தால், போலி முகவரியிலிருந்து வரும் சிறு கேள்விக்கு உங்கள் சர்வர் பல மடங்கு பெரிய பதிலை வேறொருவர் தலையில் கொட்டும். 2013 மார்ச்சில் ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பேம்ஹாஸ் மீது நடந்த தாக்குதல் இப்படித் திறந்து கிடந்த ரிசால்வர்களைக் கொண்டு நடந்ததுதான்.

டெபியன், உபுண்டுவில் பைண்ட்9 பொதியை நிறுவி, ஆப்ஷன்ஸ் கோப்பில் ரிகர்ஷன் நோ, அலோ-டிரான்ஸ்ஃபர் நன் (மொத்தப் பதிவுகளையும் யாருக்கும் நகல் தராதே) என்ற இரண்டையும் முதலில் எழுதுங்கள். பதிப்பு எண்ணை மறைக்கலாம். ஆனால் அதைப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். டொமைனின் பதிவுகள் அடங்கிய ஸோன் கோப்புகளை /எட்ஸி/பைண்ட் அடைவில் வைக்காமல் /வார்/லிப்/பைண்ட் அடைவில் வையுங்கள். பதில்கள் போலியல்ல என்று காட்ட டிஎன்எஸ்செக் முறையில் கையொப்பமிடும்போது பைண்ட் அதே இடத்தில் புதுக் கோப்புகளை எழுதும். எட்ஸியில் எழுத ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு அடுக்கு விடாது. லாக் கோப்பில் 'அனுமதி மறுப்பு' என்று வரும், கோப்பு உரிமையை எத்தனை முறை மாற்றினாலும் தீராது.

ஸோன் கோப்பில் அடிக்கடி நேரும் தவறு, முழுப் பெயரின் கடைசியில் புள்ளி விடுபடுவது. புள்ளி இல்லையென்றால் டொமைன் பெயர் இரண்டு முறை ஒட்டிக்கொள்ளும். டொமைனின் உச்சிப் பெயருக்கு சிநேம் (வேறு பெயரைச் சுட்டும் பதிவு) கூடாது. எம்எக்ஸ் (அஞ்சல் சர்வரைக் காட்டும் பதிவு) சுட்டும் பெயரும் சிநேமாக இருக்கக் கூடாது. ஸோனின் தலைப்புப் பதிவான எஸ்ஓஏவின் கடைசி எண், 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்ற பதில் எவ்வளவு நேரம் நினைவில் இருக்கும் என்பதைக் குறிக்கும். 300 முதல் 3600 விநாடி போதும்.

ஸோனை மாற்றும்போதெல்லாம் எஸ்ஓஏவில் கூட்ட வேண்டிய சீரியல் எண்ணுக்கு ஆண்டு, மாதம், நாள், இரண்டு இலக்கம் என்ற வழக்கம் நல்லது. கைதவறி 2025010101 என்பதற்குப் பதில் 2052010101 என்று போட்டுவிட்டால், பிறகு சரியான எண்ணைப் போட்டாலும் ஸோனின் நகலை வைத்திருக்கும் துணை சர்வர்கள் அதைப் பழையதென்று ஒதுக்கிவிடும். அப்போது தவறான எண்ணுடன் 2147483647ஐக் கூட்டுங்கள், 4199493748 வரும். துணை சர்வர்கள் எல்லாம் அதை எடுத்துக்கொண்டதை உறுதிசெய்த பிறகு 2025010102 என்று வைத்தால் ஏற்றுக்கொள்ளும். சீரியல் 32 பிட் வட்டத்தில் (உச்சத்தை எட்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து) ஓடுவதால் வரும் வசதி இது.

மாற்றம் எதுவானாலும் அமைப்பைச் சோதிக்கும் செக்கான்ஃப், ஸோனைச் சோதிக்கும் செக்ஸோன் இரண்டையும் ஓட்டிய பிறகே ரீலோட்.

ஃபயர்வாலில் போர்ட் 53ஐ யுடிபி, டிசிபி என்ற இரண்டு அனுப்பும் முறைகளுக்கும் திறக்க வேண்டும். டிசிபி ஸோன் நகலுக்கு மட்டும்தான் என்று நினைத்து மூடுகிறவர்கள் அதிகம். பதில் யுடிபியில் அடங்காதபோது கேட்டவர் டிசிபியில் திரும்ப வருவார். சிறிய ஸோனில் இது தெரியாது, கையொப்பமிட்டதும் வெளிப்படும். யுடிபி பதிலின் உச்ச அளவை 1232 பைட்டில் வையுங்கள், பாக்கெட் துண்டாகாது.

துணை சர்வர் வேறு நெட்வொர்க்கில் இருக்கட்டும். ஸோன் நகலை ஐபி முகவரியை மட்டும் நம்பித் தராமல் டிசிக் சாவி (இரு சர்வருக்கும் பொதுவான ரகசியச் சாவி) கேட்டு, அந்த ஸோனின் அலோ-டிரான்ஸ்ஃபரில் எழுதிக் கொடுங்கள், ஹெச்மேக்-ஷா256 அல்காரிதம் போதும். இரு பக்கமும் சாவியின் பெயர்கூட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கடிகாரங்கள் 300 விநாடிக்கு மேல் விலகினால் சாவி சரியாக இருந்தும் மறுக்கப்படும், எனவே கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி கட்டாயம். பிறகு சாவி இல்லாத ஒரு கணினியிலிருந்து டிக் என்ற கேள்விக் கருவி கொண்டு ஏஎக்ஸ்எஃப்ஆர் (முழு ஸோன் நகல்) கேளுங்கள். மறுப்பு வர வேண்டும்.

ஒரே இடத்துக்கு அளவுக்கு மீறிப் போகும் பதில்களைத் தடுக்கும் பதில் வேகக் கட்டுப்பாட்டை முதல் சில நாள் 'லாக் ஒன்லி' (தடுக்காமல் குறித்து மட்டும் வைக்கும்) நிலையில் ஓடவிட்டுப் பாருங்கள். ஸ்லிப் மதிப்பை 2 என்றே விட்டால், தடுக்கப்படும் பதில்களில் இரண்டில் ஒன்று வெட்டிய பதிலாகப் போகும். உண்மையான கேட்பவர் டிசிபியில் வந்து வாங்கிக்கொள்வார்.

டிஎன்எஸ்செக்கில் கணிதத்தை பைண்ட் பார்த்துக்கொள்ளும், தவறுவதெல்லாம் வரிசையில்தான். ஸோனுக்கு டிஎன்எஸ்செக்-பாலிசி டிஃபால்ட் என்று ஒரு வரி எழுதினால் (பைண்ட் 9.18 என்றால் இன்லைன்-சைனிங் யெஸ் என்பதும் வேண்டும்) அல்காரிதம் 13இல் சாவி உண்டாகி, கையொப்பங்கள் தானாகப் புதுப்பிக்கப்படும். எல்லாத் துணை சர்வர்களும் ஆர்ஆர்சிக் (கையொப்பப் பதிவு) தருகின்றனவா என்று பார்த்து, பழைய பதிவுகளின் டிடிஎல் (கேஷில் இருக்கும் காலம்) கழியக் காத்திருந்து, அதன்பின் உங்கள் சாவியை அடையாளம் காட்டும் டிஎஸ் பதிவை டொமைன் பதிவாளரிடம் கொடுங்கள். கழற்றும்போது நேர் எதிர்: முதலில் டிஎஸ்ஸை நீக்கி, அதன் டிடிஎல் தீர்ந்த பிறகே கையொப்பத்தை எடுக்க வேண்டும். டிஎஸ்ஸை மறந்து வேறு சர்வருக்கு மாறினால் சிலருக்குத் தளம் திறக்கும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் ரிசால்வர் வைத்திருப்பவர்களுக்குத் திறக்காது. டிக் கேள்விக்கு சர்வ்ஃபெயில் என்ற பிழை வந்து, சிடி கொடியோடு (கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டாம் என்று) கேட்டால் பதில் வந்தால் கோளாறு கையொப்பச் சங்கிலியில்தான்.

பலர் கவனிக்காத இடம் எஸ்ஓஏவின் எக்ஸ்பயர், அதாவது முதன்மை சர்வர் கிடைக்காதபோது துணை சர்வர் எவ்வளவு காலம் பதில் தரலாம் என்ற எண். கையொப்பம் 14 நாள் செல்லும். முடிய 5 நாள் இருக்கும்போது புதுப்பிக்கப்படும். முதன்மை சர்வரோடு தொடர்பு அறுந்த துணை சர்வர் 14 நாள் எக்ஸ்பயரோடு பழைய நகலையே தந்துகொண்டிருந்தால், கெட்டுப்போன கையொப்பங்களை ஊருக்கெல்லாம் பரப்பும். 4 நாள், அதாவது 345600 விநாடி வையுங்கள்.

அன்பவுண்ட் இயல்பாகத் தன் கணினிக்கு மட்டுமே பதில் தரும். ஆக்சஸ்-கன்ட்ரோலில் உங்கள் உள் நெட்வொர்க்கை மட்டும் சேருங்கள். உபுண்டுவில் சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற உள்ளமைந்த சேவை 127.0.0.53இல் போர்ட் 53ஐப் பிடித்திருக்கும். எல்லா முகவரியிலும் கேட்கச் சொன்னால் அன்பவுண்ட் எழாது. கேட்க வேண்டிய ஐபிகளைத் தனித்தனியாக எழுதிவிடுங்கள். வெளியே போகும் கேள்விகளின் போர்ட்டை ஒரே எண்ணில் நிறுத்திவிடாதீர்கள். 2008இல் டான் காமின்ஸ்கி காட்டிய கேஷ் நஞ்சூட்டலுக்கு (பொய்ப் பதிலைக் கேஷில் நுழைப்பதற்கு) தடுப்பாக வந்தது அந்தப் போர்ட் எண்ணின் தற்செயல்தன்மையே. நடுவே நிற்கும், முகவரியை மாற்றி அனுப்பும் நாட் சாதனம் அந்த எண்களை மறுபடி வரிசையாக்கிவிடுகிறதா என்பதை டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பார்க்கும் கருவியை வைத்து, சாதனத்துக்கு வெளிப்பக்கத்தில் பாருங்கள்.