பைக்கோவை 250 மெகாஹெர்ட்ஸில் ஓட்டுவது எப்படி? மலைக்குளிரில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

போன மார்கழியில் கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடியில் ராஸ்பெர்ரி பை பைக்கோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்றை 300 மெகாஹெர்ட்ஸில் ஓடவிட்டேன். இரண்டு வாரம் இரவு பகலாக ஓடியது, ஒரு தடுமாற்றமும் இல்லை. லாங்வுட் சோலைப் பக்கம் கேட்கும் நீலகிரி சிரிப்பான் என்ற பறவையின் குரலை மற்ற சத்தங்களிலிருந்து பிரித்துக் காட்டும் பெட்டி அது. சித்திரையில் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த அக்கா மகன், தன் தோட்டத்து மயில் அகவலுக்கு வேண்டுமென்று அதை வாங்கிப் போனான். மூன்றாம் நாள் போன்.

"மாமா, காலையில நல்லா ஓடுது. மத்தியானம் ஆனா நின்னு போகுது. சாயங்காலம் வயரைப் பிடுங்கிக் குத்தினா மறுபடி ஓடுது."

நான் அதைக் குளிரில் மட்டுமே சோதித்திருந்தேன். சிப் சூடாகும்போது அதன் உள்ளே இருக்கும் உலோகக் கம்பிகளின் தடை கூடும், கசிவு மின்னோட்டமும் கூடும். குளிரில் நூலிழையில் தப்பிய வேகம் வெயிலில் தப்பாது. அதனால் இந்தச் செய்முறையில் கடைசிப் படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

முதலில் ஒரு தைரியம். பைக்கோவில் இருக்கும் ஆர்பி2040 சிப்பை ஓவர்கிளாக் செய்யும், அதாவது வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டும் கட்டளை நம் நிரலில்தான் இருக்கிறது, சிப்பில் நிரந்தரமாகப் பதிவதில்லை. தொங்கிப் போனால் போர்டில் இருக்கும் பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே யுஎஸ்பி வயரைச் செருகுங்கள். கணினியில் பென் டிரைவ் போல வந்து நிற்கும், வேறு நிரலை ஏற்றலாம். ஆனால் கெய்சர், பம்ப்செட் போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் போர்டில் இந்த வேலையே வேண்டாம். நின்று போனால் நஷ்டமில்லாத இடத்தில் மட்டும் செய்யுங்கள்.

படி 1: அளவுகோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்

நிரல் எழுதி போர்டில் ஏற்ற உதவும் ஆர்டுயினோ ஐடிஇ என்ற மென்பொருளில் ஆர்பி2040-க்கான பைக்கோ கோர் என்ற துணைத் தொகுப்பை நிறுவி, 1,00,000-க்குள் எத்தனை பகா எண்கள் என்று எண்ணும் சின்ன நிரல் ஒன்றை எழுதுங்கள். விடை 9,592 வர வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் விடையையும் ஆன நேரத்தையும் சீரியல் மானிட்டரில், அதாவது போர்டு அனுப்புவதைக் கணினியில் காட்டும் ஜன்னலில் காட்டச் சொல்லுங்கள். கூடவே சிப்பின் உள்ளே இருக்கும் வெப்ப உணரியின் அளவையும் காட்டட்டும்.

விடை தெரிந்த கணக்கு எதற்கென்றால், அளவுக்கு மீறி ஓடும் சிப் எப்போதும் நின்றுவிடாது. ஓடிக்கொண்டே 9,591 என்று சொல்லும். நின்று போவதைவிட இது மோசம், ஏனென்றால் வெளியே தெரியாது.

வேகத்தைக் கூட்டினால் கடிகாரமும் வேகமாக ஓடிவிடாதா என்று கேட்கலாம். ஓடாது. மைக்ரோ நொடி எண்ணும் டைமர் 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்திலிருந்து தனியாக வருகிறது. யுஎஸ்பி-க்கும் தனி 48 மெகாஹெர்ட்ஸ் உண்டு. ஆகவே வழக்கமான வேகமான 125-ல் ஆன நேரம் 250-ல் ஏறத்தாழப் பாதியாகத் தெரிய வேண்டும். அப்படித் தெரியாவிட்டால் வேகம் மாறவில்லை என்று அர்த்தம்.

படி 2: 200 வரை மெனுவிலேயே

டூல்ஸ் மெனுவில் சிபியு ஸ்பீட் என்ற பட்டியல் இருக்கிறது. 125-ல் தொடங்கி 133, 150, 175, 200 என்று ஒவ்வொன்றாக மாற்றி ஏற்றுங்கள். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் ஓடட்டும்.

2021-ல் பைக்கோ வந்தபோது இந்தச் சிப்பின் உச்ச வேகம் 133 என்றுதான் சொன்னார்கள். 2025-ல் 200-ஐயும் அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் வேலைக்கு 200 போதுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், தப்பில்லை. எனக்குப் போதவில்லை. ஒலியை அலைவரிசைகளாகப் பிரிக்கும் கணக்கில் தசம எண்கள் அதிகம், இந்தச் சிப்பில் தசமக் கணக்குக்கென்று தனிப் பகுதி கிடையாது.

படி 3: முதலில் வோல்டேஜ், அப்புறம் வேகம்

சிப்பின் மையத்துக்கு வழக்கமாகக் கிடைப்பது 1.10 வோல்ட். ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்குள்ளும் சிக்னல் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். துடிப்பு நெருங்க நெருங்க அதற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. வோல்டேஜைக் கொஞ்சம் உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பாக மாறும், சிக்னல் நேரத்துக்குப் போய்ச் சேரும்.

200-க்கு மேல் போக மெனுவை மறுபடி 125-க்குக் கொண்டுவந்துவிட்டு, நிரலின் செட்டப் பகுதியில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி, வி-ரெக் செட் வோல்டேஜ் என்ற கட்டளையால் 1.20 வோல்ட் கேட்பது. இரண்டாவது, பத்து மில்லி நொடி காத்திருப்பது. மூன்றாவது, செட் சிஸ் கிளாக் என்ற கட்டளையால் 2,50,000 கிலோஹெர்ட்ஸ் கேட்பது. இந்த வரிசை மாறக் கூடாது. வேகத்தைக் குறைக்கும்போது தலைகீழாக, முதலில் வேகம், பிறகு வோல்டேஜ்.

ஏன் 250? இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை 125-ஆல் பெருக்கினால் 1,500. அதை 6-ஆல் வகுத்தால் 250, இன்னும் 2-ஆல் வகுத்தால் பழைய 125. அந்தக் கடைசி இரண்டாம் வகுத்தலை எடுத்துவிட்டால் 250 கைக்கு வந்துவிடுகிறது! இதே காரணத்தால்தான் 251 கேட்டால் வழக்கமான அமைப்பில் கிடைக்காது. பெருக்கலும் வகுத்தலும் முழு எண்களில்தான் நடக்கும்.

வோல்டேஜ் 0.05 அளவில் 1.30 வரை ஏறும், ஆனால் சும்மா ஏற்ற வேண்டாம். சிப் இயங்கச் செலவாகும் மின்திறன் வேகத்தோடும் வோல்டேஜின் இருமடியோடும் சேர்ந்து உயரும். 125-ல் 1.10 இருந்த இடத்தில் 250-ல் 1.20 என்றால் சுமார் 2.4 மடங்கு. 1.15-லேயே விடை சரியாக வந்தால் அதிலேயே விடுங்கள்.

படி 4: ஃபிளாஷை மறக்காதீர்கள்

நிரல் இருப்பது சிப்புக்குள் அல்ல, பக்கத்தில் இருக்கும் ஃபிளாஷ் என்ற நினைவகச் சிப்பில். பைக்கோவில் அது சிப்பின் வேகத்தில் பாதியில் ஓடுகிறது, அதன் உச்சம் 133. சிப் 250 என்றால் ஃபிளாஷ் 125, பிழைத்தது. 300 என்றால் 150, எல்லை தாண்டிவிட்டது. என் பெட்டி நின்றதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 266-க்கு மேல் போக விரும்புபவர்கள் ஃபிளாஷின் வகுத்தியை (சிப்பின் வேகத்தை எத்தனையால் வகுப்பது என்ற எண்ணை) 2-லிருந்து 4-ஆக மாற்ற வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் 250-ல் நிற்பதே என் விருப்பம்.

படி 5: வெந்நீர்ப் பை

இனிமேல்தான் நிஜமான சோதனை. போர்டை ஈரமில்லாத ஜிப் கவரில் போட்டு, வயர் வெளியே வரும் வாயை டேப்பால் ஒட்டுங்கள். மூட்டு வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பை மலையில் எல்லா வீட்டிலும் இருக்கும். அதில் சூடான தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கித் துடைத்து, கவரின் மேல் வையுங்கள். உள் உணரி 60 டிகிரியை நெருங்கும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் ஆற ஆற மாற்றி ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். ஒரே ஒரு தடவை 9,592 தவறினாலும் வேகத்தை ஒரு படி இறக்கி மறுபடி முதலிலிருந்து.

மூடுபனி நாட்களில் இன்னொன்று. குளிர்ந்த அறையிலிருந்து போர்டைச் சூடான அடுப்படிக்குக் கொண்டுவந்தால் கண்ணாடியில் படிவதுபோல் அதன் மேல் நீர் முத்து கோக்கும். படிகத்தின் கால்களுக்கு நடுவே ஈரம் நின்றால் கடிகாரமே தடுமாறும், அப்புறம் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. கவரை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுவிட்டு, அது அறைச் சூட்டுக்கு வந்தபின் மின்சாரம் கொடுங்கள்.

மேட்டுப்பாளையத்துப் பெட்டியைத் திரும்ப வரவழைத்து இதே மாதிரி சோதித்தேன். 300-ல் 52 டிகிரியிலேயே நின்றது. 250-ல், 1.20 வோல்ட்டில், 61 டிகிரியிலும் சரியாக எண்ணியது. வைகாசியில் பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். இப்போது தகரக் கொட்டகைக்கு அடியில், மத்தியான வெயிலிலும் மயில் குரலைப் பதிந்துகொண்டிருக்கிறது.