மழை அடைத்துவைத்த வீட்டில் இரவுத் தூக்கம்

தென்மேற்குப் பருவமழை மே மாதத்தில் தொடங்கினால் செப்டம்பர் வரை விட்டுவிட்டுக் கொட்டும். மண்சரிவு எச்சரிக்கையும் சேர்ந்துகொண்டால் இலங்கை மலையகத்தில் ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டியதுதான். பகலெல்லாம் கம்பளிக்குள் சுருண்டுவிட்டு, இரவில் தகரக் கூரையில் விழும் மழையைக் கேட்டபடி விழித்திருப்போம்.

எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். எழுந்ததும் அரை மணி நேரம் இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்காருங்கள். மூட்டமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். மேகம் மூடிய வானத்தின் வெளிச்சம்கூட லயத்துக் காம்பராவின் (தேயிலைத் தோட்டத் தொடர்வீட்டு அறையின்) மின்குமிழைவிடப் பல மடங்கு அதிகம். அந்தக் காலை வெளிச்சத்தை வைத்துத்தான் உடல் இரவுத் தூக்கத்துக்கான நேரத்தைக் கணிக்கிறது.

அடுத்ததைச் சொன்னால் நம் ஊரில் கோபம் வரும்: தேநீர். அதிலுள்ள, தூக்கத்தைத் தடுக்கும் கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். பால் ஊற்றினாலும் கணக்கு மாறாது. பிற்பகல் 3 மணிக்குப் பிறகு குளிருக்குக் கொத்தமல்லித் தண்ணீர் குடியுங்கள், அல்லது இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீர்.

பகல் தூக்கம் 20 நிமிடம் போதும். ஒரே அறையில்தான் எல்லாமும் என்றால், விடிந்ததும் பாயைச் சுருட்டி வைத்துவிடுங்கள். படுக்கும் முன் வெந்நீரில் கால் கழுவிக் காலுறை போடுங்கள். பாதம் சூடானால் தூக்கம் சீக்கிரம் வரும். போனைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். மண்சரிவு எச்சரிக்கை உள்ள இரவுகளில் மட்டும் அதன் சத்தத்தை அணைக்கக் கூடாது.