சீசனுக்குள் பயிலுநரை எடுக்காதீர்கள்

திருகோணமலை உப்புவெளியில் சின்ன விடுதி ஒன்று நடத்துகிறேன். முதல் தடவை ஒரு மாணவரைப் பயிற்சிக்கு எடுத்தது மே மாதத்தில். அறைகள் நிரம்பியிருந்தன, ஆள் போதாது. கெம்பஸ் பிள்ளை ஒன்று வந்தால் உதவியாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு மாதம் துவாய் மடித்தார், புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்குப் படகு பிடித்துக் கொடுத்தார். கடைசி நாள் தன் பயிற்சிப் பதிவேட்டை நீட்டினார். என்ன கற்றுக்கொடுத்தேன் என்று எழுத எனக்கு ஒரு வரி வரவில்லை.

ஆள் இல்லையென்றால் சம்பளத்துக்கு ஆள் வையுங்கள். பயிலுநர் வந்தால் முதல் சில கிழமைகள் உங்கள் வேலை கூடுமே தவிரக் குறையாது. பக்கத்தில் நின்று காட்டித்தர ஒருவர் வேண்டும். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை இங்கே யாருக்கு அந்த நேரம்? பெப்ரவரியில் எடுத்தால் கணக்கு, முன்பதிவு, விலைப்பட்டியல் எல்லாம் நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம். கடல் அடங்கி ஆட்கள் வரத் தொடங்கும்போது பிள்ளை தானாகவே ஓடும். கோணேசபுரியில் இருக்கும் பல்கலைக்கழக வளாகம் பயிற்சிக்குத் தரும் மாதம் சீசனில்தான் விழுகிறதா? அப்படியானால் ஒரே ஒரு வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒப்படையுங்கள்.

அடுத்த தவறு போனில். விடுதியின் பேஸ்புக் பக்கத்தை, 'நீங்களே திறந்துவிடுங்கோ தம்பி' என்று விட்டுவிடுவோம். அவர் தன் நம்பரைப் போட்டுத் திறப்பார். பயிற்சி முடிந்து போன பிறகும் உள்ளே நுழையக் கேட்கும் குறியீடு அவர் போனுக்குத்தான் போகும். பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளையை இரவு பத்து மணிக்கு அழைத்து, 'அந்த ஆறு இலக்கத்தைச் சொல்லுங்கோ' என்று கெஞ்சியிருக்கிறேன். கணக்குகள் விடுதி நம்பரிலும் விடுதி மின்னஞ்சலிலும் இருக்கட்டும். பக்கத்தை நடத்தப் பிள்ளைக்குத் தனி அனுமதி கொடுக்கலாம், பேஸ்புக்கிலேயே வழி இருக்கிறது.

கிண்ணியா, மூதூர்ப் பிள்ளைகள் என்றால் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே கேளுங்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் அங்கே படகுக்குக் காத்திருக்கும் தொல்லை போய்விட்டது, சரி. அதற்காக ஏழு மணி வரை நிறுத்தி வைத்துவிட்டு 'பார்த்துப் போங்கோ' என்பது நியாயமில்லை.

அப்புறம் காசு. 'பயிற்சிதானே' என்று வாயால் பேசி முடிக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் ஊதியம் வாங்கும் பயிலுநரையும் ஊழியர் என்றே சொல்கிறது. வழமையான பங்களிப்பு, சம்பளத்தில் உங்களிடம் 12 சதவீதம், அவரிடம் 8. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு நீங்கள் இன்னும் 3. உங்கள் பயிலுநருக்கு எது பொருந்தும் என்று தொழில் திணைக்களத்தில் கேட்டுவிட்டு, தொகை, நாட்கள், நேரம் மூன்றையும் தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். என்ன கற்றுத்தரப் போகிறீர்கள் என்றும் அதில் ஒரு வரி சேருங்கள். இரண்டாவது பிள்ளைக்கு அந்த வரியை எழுத எனக்கு அரை நாள் போனது.