ஜாடியின் அடியில் மட்டும் எரிச்சல்: வீட்டு டியோடரண்ட் சரியானது எப்படி

காலியான கண்ணாடி ஜாடியில் தேங்காய் எண்ணெய், சோள மாவு, சமையல் சோடா கலந்து டியோடரண்ட் செய்திருந்தேன். பாதி ஜாடிவரை ஒரு குறையும் இல்லை. அதற்குக் கீழே போனதும் அக்குளில் எரிச்சல், சிவப்பு.

எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று முழங்கையின் உட்புறம் தனியாகத் தடவிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. வாசனைக்குச் சேர்த்த லாவெண்டர் எண்ணெயை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்தேன். மறுபடியும் பாதிக்குக் கீழே அதே எரிச்சல்.

அப்புறம்தான் அடியில் இருந்ததை விரலில் தேய்த்துப் பார்த்தேன். மேலே வழவழவென்றிருந்த கலவை, அடியில் மணல் மாதிரி நறநறத்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அறை சூடாகும்போதெல்லாம் எண்ணெய் இளக, அதில் கரையாத சோடா கீழே போய்ப் படிந்திருக்கிறது. சோடா காரம், தோலோ லேசான அமிலத்தன்மை கொண்டது. எரியாமல் என்ன செய்யும்?

இப்போது எண்ணெய் 3 கரண்டி, மாவு 3, நன்றாகச் சலித்த சோடா அரைக் கரண்டி. எண்ணெயோடு ஒரு கரண்டி தேன்மெழுகையும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குகிறேன். முக்கியமானது இதுதான்: சூடாக ஊற்றக் கூடாது. கரண்டி போன தடம் மறையாத அளவுக்குக் கெட்டியாகும்வரை கிளறிக்கொண்டே இருந்து, அப்புறம்தான் ஜாடியில் ஊற்ற வேண்டும். இந்த முறை அடிவரை ஒரே பதம், எரிச்சலும் இல்லை. பெரிய நிம்மதி.