உயிர் பிழைத்தோரின் சமையல் குறிப்புகளைப் பதிவுசெய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யூத இனப்படுகொலையிலிருந்து உயிர் பிழைத்தவர்களின் சமையல் குறிப்புகளையும் உணவுப் பழக்கங்களையும் பதிவுசெய்யும் பணிக்குப் புதியவர்கள் பலர் வருகிறார்கள். அந்தக் கொடுமையை நேரில் அனுபவித்து இன்றும் நம்மிடையே இருப்பவர்கள், அன்று சிறுவர் சிறுமியராக இருந்தவர்கள். ஆகவே பெரும்பாலான வீடுகளில் இப்போது நம்மிடம் பேசுவது மகள்களும் பேரப் பிள்ளைகளும்தான். வருகிற புதியவர்கள் ஆர்வம் மிக்கவர்கள், உழைப்புக்கு அஞ்சாதவர்கள். ஆனாலும் முன்பு நாங்கள் செய்த அதே பிழைகளை ஏறத்தாழ அதே வரிசையில் செய்துகொண்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டைச் சரிபார்க்காமல் விடுவது போன்றவற்றை எப்போது வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். நடந்த பிறகு திருத்தவே இயலாத சில தவறுகள் இருக்கின்றன.

எல்லா வீட்டிலும் ஒரே சமையல் என்று எண்ணுவது

கோழி சூப்பையும், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மீன் உருண்டையான கெஃபில்டே மீனையும் மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைபவர், அந்த வீட்டார் கிரேக்க நாட்டின் தெசலோனிக்கியிலிருந்து வந்தவர்கள் என்று தெரிந்ததும் கேட்பதற்குக் கேள்வி இல்லாமல் விழிப்பார். 1492-ல் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் வழிவந்த அந்தச் சமூகம், பழைய ஸ்பானிய மொழியிலிருந்து வளர்ந்த லடீனோவைப் பேசியது. வெங்காயத் தோலோடு நெடுநேரம் வேகவைத்துப் பழுப்பேறிய முட்டையும் வெங்காயத்தாள் போன்ற லீக் தண்டில் செய்த வடைகளும் அதன் விருந்துகளில் இடம்பெற்றன. 1943 மார்ச் முதல் சில மாதங்களுக்குள் அந்த நகரிலிருந்து 40,000-க்கும் மேற்பட்டோர் நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்கு ரயிலில் அனுப்பப்பட்டனர். மீண்டவர்கள் மிகச் சிலரே. அவர்களுடைய பேத்தியிடம் போய்க் கெஃபில்டே மீனைப் பற்றிக் கேட்டால், நாம் எதையும் படிக்காமல் வந்திருக்கிறோம் என்பது முதல் நிமிடத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

அந்த மீன் உணவே ஊருக்கு ஊர் வேறுபடுவது. போலந்தின் பெரும்பகுதியில் அதைச் சர்க்கரை சேர்த்து இனிப்பாகச் செய்தார்கள். லித்துவேனியா பக்கத்தில் மிளகுக் காரமாகச் செய்தார்கள். திருமணத்தால் இந்த இரண்டும் ஒரே சமையலறையில் சந்தித்துக்கொண்ட வீடுகளில் அந்தச் சச்சரவு இன்னும் ஓயவில்லை. அங்கே உட்கார்ந்து கேட்டால் இரண்டு ஊர்களின் வரலாறும் தானாக வந்துவிழும். எனவே நாடு எது என்று கேட்பதோடு நிற்காமல் ஊர் எது, தெரு எது, பாட்டி எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர் என்பது வரை கேளுங்கள்.

முகாம் சூப்பைச் சமைத்துப் பரிமாறுவது

செய்யாதீர்கள். மாணவர்களுக்காக என்றாலும் செய்யாதீர்கள்.

குறிப்பைச் சமைக்கத்தக்கதாகத் திருத்துவது

இன்றுவரை எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஹங்கேரியில் பிறந்து முகாமிலிருந்து மீண்ட ஒரு பெண்மணி, போர் முடிந்தபின் ஜெர்மனியில் அகதிகளுக்கான முகாமில் தங்கியிருந்த காலத்தில், கொல்லப்பட்ட தம் தாயின் கைப்பக்குவத்தை நினைவிலிருந்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதைத் தட்டச்சு செய்யும் வேலை ஒரு தன்னார்வலரிடம் போயிற்று. நல்ல சமையல்காரரான அவர், வால்நட் கேக்குக்கான குறிப்பில் முட்டையும் சர்க்கரையும் அரைத்த வால்நட்டும் மட்டும் இருப்பதைக் கண்டு, பாவம், முதிய பெண்மணி மாவை எழுத மறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, ஒன்றரைக் கோப்பை மைதாவைத் தாமாகவே சேர்த்தார். டெகா என்ற அளவைக் கோப்பைக் கணக்குக்கு மாற்றினார். சர்க்கரையின் அளவை எழுதி, அடித்து, மீண்டும் எழுதி, மீண்டும் அடித்திருந்த வரியிலிருந்து கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார். 180 டிகிரி, 40 நிமிடம் என்று ஒரு வரியையும் கூட்டினார். பக்கங்களைப் படமெடுக்கவில்லை. குடும்பத்தார் அந்தத் தட்டச்சுப் படியையே அழகிய சிறு புத்தகமாக அச்சிட்டு உறவினருக்கெல்லாம் கொடுத்தார்கள். பிறகு வீடு மாறியபோது நோட்டு தொலைந்துபோயிற்று.

அந்தக் கேக் யூதர்களின் பாஸ்கா விழாவுக்கானது. அந்த நாட்களில் சாதாரண மாவில் செய்த கேக்கை உண்ணக் கூடாது என்பதால்தான் அந்தத் தாய் மாவில்லாமல் அதைச் செய்திருந்தார். ஹங்கேரியில் மற்ற நாட்களிலும் வால்நட் கேக்கை மாவு சேர்க்காமல் செய்வோர் உண்டு. மறதி என்று தன்னார்வலர் கருதியது அந்த வீட்டின் சமய ஒழுக்கம். இப்போது அச்சில் இருப்பதோ, எந்த விழாவுக்காக எழுதப்பட்டதோ அந்த விழாவிலேயே உண்ணக் கூடாத ஒரு கேக். அடித்து எழுதிய சர்க்கரை அளவுகளும் போய்விட்டன: தாய் எவ்வளவு போட்டார் என்று மகள் நினைவோடு போராடியதற்கு வேறு சான்று கிடையாது.

இதற்கு நேர்மாறான நிலையையும் பாருங்கள். இன்றைய செக் குடியரசில் உள்ள தெரெசீன் என்ற கோட்டை நகரை 1941 நவம்பரில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைக்கும் கெட்டோவாக மாற்றினார்கள். ஏறத்தாழ 1,40,000 யூதர்கள் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர், சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்தனர். அங்கே பட்டினியில் கிடந்த பெண்கள், தாங்கள் முன்பு சமைத்தவற்றை ஒருவருக்கொருவர் வாயாலேயே சமைத்துக் காட்டினார்கள்; இந்தக் குறிப்பில் வெண்ணெய் போதாது, அந்தக் குறிப்பில் முட்டை அதிகம் என்று விவாதித்தார்கள். மீனா பெக்டர் என்ற முதியவர் தொகுத்த கையெழுத்துக் கட்டு அப்படி உருவானது. அவர் 1944-ல் யோம் கிப்பூர் நோன்பு நாளன்று அங்கேயே இறந்தார். மகளிடம் சேர்த்துவிடுங்கள் என்று ஒரு நண்பரிடம் அவர் ஒப்படைத்திருந்த பொட்டலம், பல கைகள் மாறி, 1969-ல்தான் நியூயார்க்கில் இருந்த மகளை வந்தடைந்தது. அந்தக் குறிப்புகளில் சில பொருள்கள் விடுபட்டிருக்கின்றன. செய்முறையில் சில படிகளைக் காணோம். அப்படியே செய்தால் சில பண்டங்கள் வரவே வராது. 1996-ல் அது ஆங்கிலத்தில் நூலானபோது அந்தக் குறைகள் நிரப்பப்படவில்லை. மொழிபெயர்த்தவர் அதே கெட்டோவில் அடைபட்டிருந்தவர்; உணவு இதழொன்றில் பணியாற்றிய அவருக்குக் குறைகளை நிரப்புவது ஒரு பொழுதின் வேலையாக இருந்திருக்கும். நிரப்பாமல் விட்டதால்தான் பசி மனிதனின் நினைவை என்ன செய்யும் என்பதை அந்தப் பக்கங்கள் இன்றும் காட்டுகின்றன.

ஓரிடத்தில் மாவு விடுபட்டது சமய விதியால். இன்னோரிடத்தில் ஏதோவொன்று விடுபட்டது பட்டினியால். எது எதனால் என்று உட்கார்ந்து தட்டச்சு செய்யும் நமக்கு அன்றே தெரிந்துவிடாது. தெரிந்தவர் ஒருவர் பின்னாளில் வந்து பார்ப்பதற்குக் கைபடாத பக்கம் எஞ்சியிருக்க வேண்டும்.

ஆகவே முதலில் படமெடுங்கள்: அட்டை, பின்பக்கம், வெற்றுப் பக்கம், எண்ணெய்க் கறை, இடையில் செருகிய துண்டுச் சீட்டு எல்லாவற்றையும். படியெடுக்கும்போது அடித்தலை அடித்தலாகவும் பிழையைப் பிழையாகவும் எழுதுங்கள். டெகா என்றிருந்தால் டெகா என்றே விடுங்கள். அது பத்து கிராம் என்பதை வேண்டுமானால் அடிக்குறிப்பில் சொல்லுங்கள். சமைத்துப் பார்க்கத் தோன்றினால் தாராளமாகச் சமையுங்கள், ஆனால் அந்தப் படி வேறொரு தாளில், உங்கள் பெயரோடும் தேதியோடும் இருக்கட்டும்.

இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. இன்றைய செர்பியாவில் உள்ள சுபோடிட்சா நகரில் ஃபென்வெஷ் குடும்பம் 1944-ல் வீட்டைவிட்டு விரட்டப்பட்டு, காத்திருந்த அக்கம்பக்கத்தார் உள்ளே புகுந்து சூறையாடியபோது, முன்பு அந்த வீட்டில் சமையல்காரராக இருந்த மாரிஷ் என்ற பெண் கூட்டத்தோடு உள்ளே போய், குடும்பத்தின் சமையல் குறிப்பேட்டையும் ஓவியங்களையும் எடுத்துக் காப்பாற்றினார். தாய் ஆஷ்விட்ஸில் மடிந்தார். மகன் ஸ்டீவன் ஃபென்வெஷ் மீண்டார். அந்த ஏடு இன்று வாஷிங்டனில் உள்ள இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலோன் ஷாயா என்ற சமையற்கலைஞர் அதிலிருந்து சமைக்க விரும்பியபோது, ஹங்கேரிய மொழிக் குறிப்புகளை ஃபென்வெஷே மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஷாயா செய்து அனுப்பியவற்றைச் சுவைத்துத் தம் கருத்தையும் சொன்னார். புதிய சமையல் ஒருபுறம் நடந்தது, பழைய ஏட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

விடுதலை நாளின் சாப்பாட்டை இன்பமான முடிவாக எழுதுவது

பிரிட்டிஷ் படை 1945 ஏப்ரல் 15 அன்று பெர்கன்-பெல்சன் முகாமுக்குள் நுழைந்தபோது அங்கே சுமார் 60,000 பேர் இருந்தார்கள். அதன் பிறகு 13,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டைஃபஸ் காய்ச்சலும் நீண்ட பட்டினியும் முதன்மைக் காரணங்கள். ஆனால் இரக்கத்தோடு கொடுக்கப்பட்ட படைவீரர் உணவும், டப்பாவில் அடைத்த கொழுப்பு மிக்க இறைச்சியும், வற்றிப்போயிருந்த உடல்களால் தாங்க முடியாதவையாக இருந்தன. பின்பு மருத்துவர்கள், 1943-ன் வங்கப் பஞ்சத்தில் பயன்பட்ட அரிசியும் சர்க்கரையும் கலந்த கஞ்சியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த இனிப்பு ஐரோப்பியர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குப் பழக்கமான பாப்ரிகா மிளகாய்த்தூளைச் சேர்த்த பிறகே உள்ளே இறங்கிற்று.

இது தெரியாமல் போகிறவர் எடுத்த எடுப்பில் “விடுதலையான அன்று என்ன சாப்பிட்டீர்கள்?” என்று முகமலர்ச்சியோடு கேட்டுவிடுகிறார். ஒரு வீட்டில் அந்தக் கேள்விக்குப் பிறகு பேச்சே நின்றுபோயிற்று. தாத்தாவின் தம்பி அன்று கிடைத்த இறைச்சியை உண்டு மறுநாள் இறந்தவர். அந்த வீட்டார் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் முதலில் உப்பில்லாத ஒரு வேகவைத்த உருளைக்கிழங்கை மட்டும் உண்கிறார்கள் என்பதும் அன்று பதிவாகவில்லை. பல மாதங்கள் கழித்து வேறொருவரிடம்தான் சொன்னார்கள்.

கலோரிக் கணக்கை இரவல் வாங்குவது

வார்சா கெட்டோவில் 1941-ல் யூதர்களுக்கான அதிகாரபூர்வப் பங்கீடு நாளொன்றுக்குச் சுமார் 184 கலோரி. இந்த எண்ணை வேறு ஊரின் கதையில் ஒட்டாதீர்கள்.

ரொட்டியைப் பத்திரப்படுத்துவதை நோயென்று எழுதுவது

ஆஷ்விட்ஸில் காலையில் காப்பி என்ற பெயரில் ஒரு கசப்பு நீர், நண்பகலில் கிழங்கு மிதக்கும் சூப், மாலையில் ஏறத்தாழ 300 கிராம் ரொட்டி. அந்த ரொட்டியை அப்போதே தின்பதா, திருட்டுக்கு அஞ்சி அணைத்துக்கொண்டு உறங்கிக் காலைக்கு வைத்திருப்பதா என்பதுதான் ஒவ்வொரு இரவும் எடுக்க வேண்டியிருந்த முடிவு. அங்கிருந்து வந்தவர் வாழ்நாள் முழுவதும் மேலங்கிப் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்திருந்தார் என்றால், அதற்கு மனநலச் சொற்களைத் தேடிக்கொண்டிருக்காமல், அவர் எந்தக் கத்தியால் நறுக்கினார், நுனித் துண்டை யாருக்குக் கொடுத்தார், காய்ந்த துண்டுகளை என்ன செய்தார் என்று கேளுங்கள். ரொட்டித் தூளைச் சேர்த்து உருண்டை பிடிக்கும் பழக்கம், அதற்கு அவசியமே இல்லாத வசதியில் வளர்ந்த பேரனிடமும் தொடர்வதை இப்படிக் கேட்டுத்தான் அறிந்தோம்.

கேட்காமல் தின்பண்டம் கொண்டுபோவது

கோஷர் என்ற யூத உணவு விதிகளைப் பின்பற்றும் வீட்டில் அது மேசைக்கே வராது. பூங்கொத்து போதும்.

விதியை மீறினார்கள் என்று தீர்ப்பெழுதுவது

பெர்கன்-பெல்சனில் 1944-ன் பாஸ்கா வந்தபோது அந்த விழாவில் உண்ணும் புளிப்பில்லா அப்பம் கிடையாது. கிடைத்த ரொட்டியையும் மறுத்தால் சாவு. அங்கிருந்த ரபிகள் என்ற யூத சமய குருக்கள், புளித்த ரொட்டியை உண்ணும் முன் சொல்வதற்கு ஒரு மன்றாட்டை எழுதினார்கள்: கட்டளையை நிறைவேற்ற விரும்புகிறோம், அடிமைத்தனம் தடுக்கிறது, கட்டளைகளால் வாழ வேண்டும் என்பதும் உமது கட்டளையே என்பது அதன் சாரம். உயிரைக் காக்கும் கடமை மற்ற விதிகளை விலக்கிவைக்கும் என்பது யூத சமயச் சட்டத்துக்கு உள்ளேயே இருக்கும் நெறி. பாஸ்காவின் செடர் விருந்து இரவில் அந்த மன்றாட்டை வாசிக்கும் குடும்பங்கள் உண்டு. முகாமிலும் யோம் கிப்பூர் நோன்பிருந்தவர்கள் உண்டு. திரும்பி வந்தபின் எந்த விதியையும் ஏற்காமல் போனவர்களும் உண்டு. மூன்று வகையினரும் ஒரே மேசையில் சகோதரர்களாக அமர்ந்திருப்பதை நீங்கள் காணக்கூடும். யார் செய்தது சரி என்ற தொனி உங்கள் எழுத்தில் எங்கும் தலைகாட்ட வேண்டாம்.

பேட்டி முடிந்தது என்று கருவியை அணைப்பது

கேள்விகள் தீர்ந்ததும் புதியவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைப் பைக்குள் போட்டுவிடுகிறார்கள். தேநீர் போட அவர்கள் எழுந்து அடுப்படிக்குப் போகும் அந்த நேரத்தில்தான் கைகள் வேலையில் இறங்க, உட்கார்ந்திருந்தபோது வராத பெயர்களும் அளவுகளும் வாய்க்கு வருகின்றன. அடுப்படியிலும் பதிவைத் தொடரலாமா என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாகக் கேட்டு ஒப்புதல் பெற்றுக்கொள்ளுங்கள். மறுத்தால் அணைத்துவிட்டு, வெளியே வந்ததும் நினைவில் இருப்பதைத் தனியாக எழுதி, ஒலிப்பதிவில் இல்லாதது என்று மேலே குறித்து, அவர்களிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுக் கோப்பில் சேருங்கள்.